ஒரு கிரவுண்டு பழைய வீட்டை ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்தால் 50:50 நியாயமான பங்கா?

சென்னை நங்கநல்லூரில் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி), அப்பா கட்டிய வீடு, நீங்களும் அக்காவும் வாரிசுகள். ஜாயின்ட் வென்ச்சர், அதாவது மனை உங்களுடையது, ஃப்ளாட் கட்டும் செலவு பில்டருடையது. கட்டியதைப் பாதிக்குப் பாதி பிரிக்கலாம் என்கிறார், சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

கட்டுமானச் செலவு தாம்பரத்திலும் அடையாறிலும் பெரிதாக மாறாது. மாறுவது மனை விலைதான். மனை விலை குறைந்த தாம்பரத்தில் நியாயமாக இருக்கும் 50:50-ஐ, விலை கூடிய அடையாறில் ஒரு பில்டர் கேட்டால், எதிரில் இருப்பவருக்குக் கணக்குத் தெரியாது என்ற தைரியம்தான்.

உங்கள் இடத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். விலைகள் என் அனுமானம், உங்கள் தெரு நிலவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். மனை சதுர அடி 10,000 ரூபாய் என்றால் 2,400 சதுர அடிக்கு 2.4 கோடி. உயரமில்லாக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2, ஆக 4,800 சதுர அடி கட்டலாம். 1,200 அடியில் 4 ஃப்ளாட் என்று வைப்போம். இடிப்பது, அப்ரூவல், வட்டி எல்லாம் சேர்த்து அடிக்கு 3,500 என்றால் பில்டருக்குச் செலவு 1.68 கோடி. ஃப்ளாட் 9,500-க்குப் போனால் மொத்த மதிப்பு 4.56 கோடி.

பாதி என்றால் உங்களுக்கு 2.28 கோடி. மனையை இன்றே அப்படியே விற்றால் கிடைப்பதைவிடக் குறைவு, அதுவும் இரண்டு வருடம் வாடகை வீட்டில் காத்திருந்த பிறகு! பில்டருக்கோ 60 லட்சம் நிற்கிறது. சரி, 60:40 கேட்டால்? அவருக்கு மிஞ்சுவது சுமார் 14 லட்சம். அதற்காக யாரும் இரண்டு வருடம் அலைய மாட்டார்கள். அலைகிறேன் என்று ஒருவர் வந்தால் இன்னும் உஷாராக இருங்கள், கம்பியிலும் சிமென்ட்டிலும் கை வைப்பார். இந்த விலைகளுக்கு 55:45 ஒத்துவரும். உங்களுக்கு 2.5 கோடி, அவருக்கு 37 லட்சம்.

ஆனால் நாலு ஃப்ளாட்டை 55:45 என்று வெட்ட முடியாது. உங்களுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, மீதி 240 அடிக்கு ஈடாக ரொக்கம் சுமார் 23 லட்சம் என்று பேசுங்கள். அந்த ரொக்கத்தைத் திருப்பித் தர வேண்டாத தொகை என்றே எழுதுங்கள். ‘அட்வான்ஸ்’ என்று மட்டும் இருந்தால் கடைசியில் திருப்பிக் கேட்பார்கள். சதவீதத்தோடு நிறுத்தாமல் எந்த மாடி, எந்தப் பக்கம், எத்தனை அடி கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் இடம்), எந்த கார் பார்க்கிங் என்று பிளானிலேயே குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். சாலை 30 அடிக்கு மேல் இருந்தால் அரசுக்குப் பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ, அதாவது கூடுதலாகக் கட்டும் அனுமதி வாங்கலாம். அப்படி வரும் கூடுதல் இடத்தில் உங்கள் பங்கு என்ன என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர். 500 சதுர மீட்டருக்குள் இருப்பதால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயமில்லை. அதாவது ஒப்பந்தத்தில் எழுதாததற்கு வேறு காவல் அதிகம் கிடையாது. அதனால் எதை எப்போது விட்டுக்கொடுக்கிறீர்கள் என்ற வரிசைக்கு, 5 சதவீதத்தைவிட நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

பிளானிங் பர்மிட் கைக்கு வரும்வரை வீட்டை இடிக்க விடாதீர்கள். என் உறவினர் ஒருவர் ‘அப்ரூவல் வந்துகொண்டே இருக்கிறது’ என்ற பேச்சை நம்பி இடிக்கவிட்டு, வெறும் மனையைப் பார்த்தபடி பல மாதம் கைக்காசில் வாடகை கட்டினார். விற்கும் அதிகாரம் தரும் பவர் பத்திரம் பில்டர் பங்கின் யுடிஎஸ்ஸுக்கு (ஃப்ளாட்டோடு சேர்ந்து வரும் பிரிக்கப்படாத மனைப் பங்கு) மட்டும் இருக்கட்டும். அதையும் மொத்தமாக விற்க விடாமல், கடைசி ஃப்ளாட்டின் யுடிஎஸ்ஸை உங்கள் சாவி கைக்கு வந்த பிறகே பதிவு செய்யலாம் என்று வையுங்கள். தாய்ப்பத்திரத்தை அடமானம் வைக்கக் கூடாது என்று எழுதுங்கள், ஒரிஜினல் வக்கீலிடமே இருக்கட்டும். கட்டி முடிக்கும்வரை வாடகை அவர் பொறுப்பு, கெடு தாண்டினால் இரட்டிப்பு. உங்கள் பங்கைக் கட்டித் தருவதற்கும் ஜிஎஸ்டி உண்டு. அதை யார் ஏற்பது என்று எழுதாமல் விட்டால் சாவி தரும் நாளில் பில் நீட்டுவார்கள்.

வருமான வரியில் 2017 நிதிச் சட்டம் ஒரு சலுகை கொண்டுவந்தது. தனிநபர் பதிவு செய்த ஒப்பந்தத்தில் நிலம் கொடுத்தால், மூலதன ஆதாய வரி, கட்டடம் முடிந்ததற்கான கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வரும் வருடத்தில்தான். ரொக்கத்தில் மட்டும் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். அந்த சர்டிபிகேட்டுக்கு முன்பே பங்கை விற்றால் சலுகை போய்விடும். அக்காவுக்கு அதற்கு முன்பே தன் பங்கை விற்கும் எண்ணம் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டு, இருவரும் சேர்ந்து ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.