எல்.எல்.பி. சேர இன்னொரு பட்டம் எதற்கு?

கேள்வி: மதுரையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்து மூன்றாண்டு எல்.எல்.பி. சேர ஆசை. கூடவே கரஸ்ஸில் பி.ஏ. அரசியல் அறிவியலும் முடித்தால் சட்டக் கல்லூரியில் சுலபமாக இடம் கிடைக்கும் என்கிறார் ஒரு கல்வி ஆலோசகர். சேரலாமா?

பதில்: தம்பி, தாராளமாகச் சேரலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இல் அனுமதித்துவிட்டது. ஆனால் சீட்டுக்கு அது உதவாது. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு கிடையாது, பட்டப்படிப்பு மார்க்தான். பொதுப் பிரிவுக்கு 45, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம் என்பது விண்ணப்பம் போட மட்டும். மிச்சமுள்ள செமஸ்டர்களில் பி.காம். மார்க்கை ஏற்றுங்கள்.

பி.காம். படித்தவருக்குச் சட்டம் சரிப்படாது என்று நினைத்துவிடாதீர்கள். செக் பவுன்ஸ் வழக்கையே எடுங்கள். செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளில் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. இந்தத் தேதிகளை யாரும் எண்ணிவிடலாம். லெட்ஜரைப் புரட்டி, 'அசலில் பாதி ஏற்கெனவே வரவாகியிருக்கிறதே' என்று விரல் வைக்க பி.காம். படித்த ஜூனியர் வக்கீல்தான் வேண்டும்.

இந்த ஆலோசகர்கள் அடுத்து என்ன விற்பார்கள் தெரியுமா? 'வெளிமாநிலக் கல்லூரி, வகுப்புக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் ரயில் ஏறினால் போதும்' என்பார்கள். நம்பாதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகை வேண்டும் என்பது, சட்டப் படிப்பையும் வக்கீல் தொழிலையும் முறைப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி. கரஸ்ஸில் எல்.எல்.பி. என்று ஒன்றே இல்லை. லட்சங்களைக் கட்டிவிட்டு, வக்கீலாகப் பதிவு செய்யப் போகும்போது சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கரஸ் பட்டம் பற்றி ஒரு குழப்பம் உண்டு. +2 இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் எல்.எல்.பி.க்குச் செல்லாது. +2 முடித்து, அப்புறம் கரஸ்ஸில் வாங்கிய பட்டம் செல்லும். +2வையே கரஸ்ஸில் முடித்திருந்தாலும் செல்லும். பத்து, +2, பட்டம் என்ற வரிசை மாறினால்தான் சிக்கல். உங்களுக்கு இது பொருந்தாது. இருந்தாலும் வாரத்துக்கு ஒருவராவது 'சார், என் டிகிரி வீணா?' என்று பதறிக்கொண்டு வருகிறார்கள். இதைச் சொல்லும் பார் கவுன்சில் விதியின் ஆங்கிலத்தைப் படித்தால் எனக்கே தலை சுற்றுகிறது. மாணவன் புரோக்கரிடம் போகாமல் வேறென்ன செய்வான்?

அரசியல் அறிவியல் பிடித்திருந்தால் நூலகத்தில் எடுத்துப் படியுங்கள், காசு மிச்சம். ஆலோசகரிடம் முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? ரசீதில் அவர் பெயர் இருக்கிறதா, பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.