மதுரையில் 150 டீலர்களுக்குக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்கள் கலையாமல் இருக்க என்ன செய்யலாம்?

பேச்சு காதில் தெளிவாக விழாவிட்டால் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். மண்டபத்தில் எதிரொலி அதிகம். மேடை ஸ்பீக்கரை மட்டும் கூட்டினால் மைக் விசிலடிக்கும், பின்வரிசைக்கும் புரியாது. மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி இன்னும் இரண்டு ஸ்பீக்கர் வைத்து, சத்தத்தைக் குறைத்து, அவற்றுக்கு 30 மில்லி செகண்ட் டிலே (தாமதம்) கொடுக்கும்படி சவுண்ட்காரரிடம் சொல்லுங்கள். சத்தம் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகும். டிலே இல்லையென்றால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும்.

வட்ட மேசைக்கு 8 பேர், மொத்தம் 19 மேசை. ஒவ்வொரு மேசையிலும் மேடையைப் பார்த்த பக்கம் நாற்காலி வேண்டாம், யாரும் முதுகு காட்டி உட்கார நேராது.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் புரொஜெக்டர் அணைந்துவிடும்; பல்பு ஆறித் திரும்ப எரியச் சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியில் கூட்டமே கலைந்துவிடும். புரொஜெக்டர், சவுண்ட் மிக்ஸர், லேப்டாப் மூன்றையும் கட்டாயம் யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

சாப்பிட்டு வந்ததும் உரை வைக்கவே வைக்காதீர்கள். மேசைக்கு ஒரு கேள்வி, 20 நிமிடம்: 'இந்த மாதம் எந்தச் சரக்கு திரும்பி வந்தது, ஏன்?' தேனிக்காரரும் சிவகங்கைக்காரரும் ஒரே மேசையில் இருந்தால் பேச்சு தானாகச் சூடுபிடிக்கும். 3 மணிக்கு ஜிகர்தண்டா.

தேதி வைக்கும்போது முகூர்த்த நாட்களையும் சித்திரைத் திருவிழாவையும் தவிர்த்துவிடுங்கள்.