கணக்கை இரண்டு முழங்காலுக்கும் சேர்த்துப் போடுங்கள்

கேள்வி: எங்கள் ராட்வீலர் நாய்க்கு ஏழு வயது, 44 கிலோ. பின்னங்காலை ஊன்றுவதில்லை. முழங்கால் தசைநார் அறுந்துவிட்டதாம். எங்கள் டாக்டர் சிறப்பு அறுவை மருத்துவரிடம் அனுப்புகிறார். அவரே செய்யக் கூடாதா? – வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

உங்கள் டாக்டர் கைகழுவவில்லை அம்மா, பொறுப்பாகத்தான் அனுப்புகிறார். நாய்களுக்கு இந்தத் தசைநார் பெரும்பாலும் பழங்கயிறு போல மாதக்கணக்கில் நைந்து, பிறகு அறும். அறுந்துவிட்டால் கீழ்க்கால் எலும்பின் தலை சரிவாக இருப்பதால், ஒவ்வொரு அடிக்கும் தொடை எலும்பு அதன்மேல் பின்னால் வழுக்கும். சின்ன நாய் என்றால் மூட்டுக்கு வெளியே கெட்டி நைலான் இழையால் இழுத்துக் கட்டிவிடலாம்; பல டாக்டர்கள் தாங்களே செய்கிறார்கள். 44 கிலோவுக்கு அந்த இழை தளர்ந்துபோகலாம். அதனால் எக்ஸ்ரேயில் சரிவை டிகிரிக் கணக்கில் அளந்து, எலும்பின் தலையை வளைவாக அறுத்துத் திருப்பி, தகடும் திருகும் வைத்துப் பூட்டுவார்கள். ‘டிபிஎல்ஓ’ என்பது இதுதான். இதற்குப் பழகிய கை வேண்டும்.

தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவ மன்றத்தில் சிறப்பு மருத்துவராகப் பதிவு செய்தவர்தான் தம்மை அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். ‘எலும்பில் ஆர்வமுள்ளவர்’ என்பது வேறு. இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஆண்டர்ஸ்டபூர்ட் மருத்துவமனையும் உண்டு. ஆனால் நொண்டும் நாயோடு 600 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

செலவு விசாரிக்கும்போது மயக்க மருந்து, தங்கல், எட்டு வாரம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரே எல்லாம் சேர்ந்ததா என்று கேளுங்கள். ஒரு காலில் தசைநார் அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்குப் பின்னாளில் மற்ற காலிலும் அறுகிறது. காப்பீடு இருந்தாலும் பல பாலிசிகள் அந்த இரண்டாவது காலையும் பழைய நோய் என்று தள்ளிவிடும். ஆகவே ராண்ட் பணத்தை இரண்டு அறுவைக்கும் சேர்த்து எண்ணுங்கள். எடையைக் குறைப்பதற்குக் காசு வேண்டாம்.

நம் பக்கம் உண்ணியால் வரும் பிலியரி என்ற ரத்த நோய் அதிகம். மயக்கம் கொடுக்குமுன் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். உங்கள் மாத்திரைப் பெட்டியிலிருந்து இபுப்ரோஃபென் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

இனி வீடு. அறுத்த எலும்பு ஒன்றுசேர எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் வாரமே காலை ஊன்றி, குணமாகிவிட்டது போல நடக்கும். தகடு விட்டுப்போவது பெரும்பாலும் அப்போதுதான். சாட்ஸ்வர்த் வீடுகளின் படிக்கட்டு தெரிந்ததுதானே? அது வேண்டவே வேண்டாம். தரையோட்டின்மேல் பாய் விரியுங்கள். வெளியே கூட்டிப்போகும்போது குளியல் துண்டை அடிவயிற்றின் கீழே கொடுத்து, இரு முனையையும் முதுகுக்கு மேலே பிடித்துத் தாங்குங்கள். கழுத்துவார் இன்னொருவர் கையில் இருக்கட்டும்.