நுகர்வோர் கேள்வி-பதில்: வீட்டு ஸ்டூடியோவுக்கு எதை வாங்குவது?

கேள்வி: என் மகள் பாட்டு கற்றுக்கொள்கிறாள். பாடுவதை வீட்டிலேயே நல்ல தரத்தில் பதிவு செய்ய ஆசைப்படுகிறாள். மைக், குட்டி சவுண்ட் கார்டு, ஸ்டாண்டு, சுவரில் ஒட்டும் 'சவுண்ட் ப்ரூஃப்' ஸ்பாஞ்ச் எல்லாம் சேர்த்து ஒரு செட் ஆன்லைனில் மூவாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. எங்கள் வீடு பஸ் போகிற தெருவில் இருக்கிறது. அந்த செட்டை வாங்கலாமா? 25,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும்.
– கும்பகோணம் வாசகி

பதில்: வேண்டாம். அந்த சவுண்ட் கார்டில் கைதட்டல், சிரிப்பு என்று வரிசையாகப் பொத்தான்கள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். போனில் நேரலை போடுகிறவர்களுக்காகச் செய்த பொருள் அது. உங்கள் மகள் மெல்லப் பாடும் இடங்களில் அதன் 'உஸ்' இரைச்சல்தான் முன்னால் வந்து நிற்கும்.

உங்கள் பணத்தில் பெரிய பங்கை ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு ஒதுக்குங்கள். மைக்கிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கி, டிஜிட்டலாக்கி, யுஎஸ்பி வழியே கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பெட்டி அது. இரண்டு மைக் செருகும் மாடலாகப் பாருங்கள். நாளைக்கே ஒரு வயலினோ மிருதங்கமோ சேர்ந்தால் ஒற்றை மைக் மாடல் காலை வாரிவிடும். '48 வோல்ட்' பொத்தானும் இருக்கட்டும். பிறகு கண்டென்சர் மைக் (மெல்லிய ஒலியையும் நுட்பமாகப் பிடிக்கும் வகை) வாங்கினால் அந்த மின்சாரம் தேவைப்படும்.

இப்போதைக்கு டைனமிக் மைக் (மேடையில் பாடகர்கள் கையில் பிடிக்கும் வகை) போதும். வாய்க்கு நாலு விரல்கடை தூரத்தில் வைத்துப் பாடட்டும். கண்டென்சர் வாங்கினால் தெருச்சத்தம் எல்லாம் ஏறிவிடும் என்பார்கள். அது பாதி உண்மைதான். மைக் எந்த வகை என்பதைவிட, வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு இடைவெளி என்பதே முக்கியம். தள்ளி உட்கார்ந்து பாடினால் எந்த மைக்கிலும் பஸ் ஹாரன் விழும். யூடியூப் பேட்டிகளில் எல்லார் முன்னாலும் நிற்கிறதே, ஷூர் எஸ்எம்7பி, அதன் பக்கம் போக வேண்டாம். அது ஒன்றே உங்கள் மொத்தத் தொகையைத் தாண்டும். போதாக்குறைக்கு அதற்குக் குறைந்தது 60 டெசிபெல் பெருக்கம் வேண்டும்; பல மலிவு இன்டர்ஃபேஸ்கள் அதற்குத் திணறும்.

ஹெட்போன் காதை முழுக்க மூடும் வகையாக இருக்க வேண்டும். சுருதிப்பெட்டியின் ஒலி ஹெட்போனில் மட்டும் கேட்கும்படி வைத்துப் பாடச் சொல்லுங்கள். வெளியே ஒலித்தால் சுருதி குரலோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒலிகளைச் சேர்த்துச் சரிசெய்யும் மிக்ஸிங்கில் அதைத் தனியாகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பதிவு மென்பொருளின் அமைப்பில் தரத்தை 24 பிட்டில் வையுங்கள். உச்ச ஸ்தாயியில் பாடும்போதும் திரையில் தெரியும் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபெல் பக்கத்திலேயே நிற்கட்டும்.

அந்த ஸ்பாஞ்ச் 'சவுண்ட் ப்ரூஃப்' இல்லை. ஒரு அங்குல ஸ்பாஞ்ச் அறைக்குள் அடிக்கும் எதிரொலியில் உச்ச ஒலிகளை மட்டும் கொஞ்சம் குறைக்கும். வெளிச்சத்தத்தைத் தடுக்க கனமான சுவரும் இடுக்கில்லாத கதவு ஜன்னலும் வேண்டும். முட்டை அட்டைக்கும் இதே கதைதான். அதற்குப் பதில், பாடுகிறவரின் முதுகுப் பக்கம் ஒரு மெத்தையை நிறுத்தியோ தடித்த போர்வையைத் தொங்கவிட்டோ பாருங்கள். மைக்கின் முகம் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. அங்கே சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் பதிவைக் குளியலறைப் பாட்டாக்குகிறது. மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். இதற்கெல்லாம் காசு ஆகாது, ஆனால் மைக்கை மாற்றுவதைவிட அதிக வித்தியாசம் தெரியும்.

கேள்வி: ஆன்லைனில் பாதி விலைக்கு ஷூர் எஸ்எம்58 மைக் வாங்கினேன். கையில் எடுத்தால் லேசாக இருக்கிறது, குரலும் தகர டப்பாவுக்குள் கேட்பது போல வருகிறது. விற்றவரோ 'நோ ரிட்டர்ன்' என்கிறார். பணம் போனது போனதுதானா?
– மதுரை வாசகர்

பதில்: போகவில்லை. முதலில் மைக்கைத் தராசில் வையுங்கள். அசல் எஸ்எம்58 கேபிள் இல்லாமல் 298 கிராம். உங்களுடையது அதைவிட நன்றாகக் குறைந்தால் சந்தேகம் வலுக்கிறது. எடை சரியாக இருந்தாலே அசல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உலகில் அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் இதுவும் ஒன்று. இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சாகியிருக்க வேண்டும். அந்த இறக்குமதியாளரிடம் சீரியல் எண்ணைக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். பிறகு அதுவே உங்களுக்குச் சாட்சி.

'நோ ரிட்டர்ன்' என்று போட்டுவிட்டால் சட்டம் ஒதுங்கிவிடாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் போலியாகவோ பழுதாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் விற்பவர் திரும்ப எடுக்கவும் பணம் தரவும் மறுக்கக் கூடாது. இணையதளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர் கடமை. நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, கெடு இரண்டு ஆண்டு. பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், தராசில் மைக் இருக்கும் படம் மூன்றையும் இன்றே எடுத்து வையுங்கள். விளம்பரம் எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகும்.

கேள்வி: மிக்ஸிங் மென்பொருளை நண்பர் பென்டிரைவில் இலவசமாகத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளவா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த பதிப்பைத்தான் சொல்கிறீர்கள் என்றால், வேண்டாம், வைரஸ் வந்தால் பாட்டோடு வீட்டுக் கணக்கும் போகும். ரீப்பர் என்றொரு மென்பொருள் 60 நாள் முழு வசதியோடும் சோதித்துப் பார்க்கக் கிடைக்கிறது. பிடித்திருந்தால் சொந்த உபயோகத்துக்கான உரிமம் 60 டாலர்தான். ஈக்வலைசர் (கனத்த, கூர்மையான ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரெஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது), ரிவெர்ப் (அரங்கில் பாடுவது போன்ற எதிரொலி சேர்ப்பது) எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே 'தள்ளுபடி' என்று வரும் பிளகின் (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் கருவி) மூட்டைகளுக்கு இப்போதே கார்டைத் தேய்க்காதீர்கள்.