பரணில் கிடந்த பிபிசி மைக்ரோ கணினியை உடனே இயக்கிப் பார்க்கலாமா?

கூடாது. உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் பிளக்கைச் செருகும் முன் மின்வழங்கியைத் திறந்து பார்க்க வேண்டும். 1981 இறுதியில் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் வெளியிட்ட கணினி இது. மின்னிரைச்சலை வடிகட்ட இதில் உலோகப் பூச்சிட்ட காகித மின்தேக்கிகளை வைத்தார்கள். தேன் நிறத்தில், கண்ணாடி போன்ற உறையுடன் இருக்கும். உற்றுப் பார்த்தால் அந்த உறையில் மயிரிழை விரிசல்கள் தெரியும். அவற்றின் வழியே பல ஆண்டுகளாக ஈரம் இறங்கியிருக்கும். மின்சாரம் பாய்ந்த சற்று நேரத்தில் படாரென்று வெடித்துப் புகை கக்கும். சில்லுகள் பெரும்பாலும் தப்பிவிடும். என் வீட்டுத் திரைச்சீலையில்தான் அந்த நாற்றம் ஒரு வாரம் போகவில்லை.

அதே மதிப்புள்ள எக்ஸ்2 வகை (வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இணைக்கத் தகுந்த பாதுகாப்பு வகை) மின்தேக்கிகளாக மாற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கும் என்பதால், பழக்கமில்லாவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். மஞ்சளேறிய மூடியை வெளுக்கும் வேலை அவசரமில்லை; எனக்கு அந்த நிறம்தான் பிடிக்கும்.

இந்தியப் பள்ளிகளில் 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்துக்கு வந்ததும் இந்தக் கணினிதான். அப்போது படித்தவர்கள் யாரேனும் வீட்டில் இருந்தால், முதன்முதலில் இயக்கும்போது கூப்பிடுங்கள். தாழ்ந்து ஒன்று, உயர்ந்து ஒன்று என எழும் அந்த இரட்டை ஒலி அவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும்.