ஒரே போர்டோ சிவப்பு வைன், இரண்டு விதச் சுவை ஏன்?

இரண்டு பாட்டிலிலும் போர்டோ என்றுதான் போட்டிருக்கிறது, அது பிரான்சில் வைனுக்குப் பேர்போன பகுதி. ஒன்று நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு, இன்னொன்று வழவழப்பு, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே ஓடும் ஆற்றின் எந்தக் கரையில் விளைந்த திராட்சை என்று பாருங்கள்.

இடக்கரையில் உள்ள மெதோக் வட்டாரத்தில் சரளை மண். சூட்டைப் பிடித்துவைக்கும் அந்த மண்ணில்தான் தாமதமாகப் பழுக்கும் கேபர்னே சோவினியோன் என்ற திராட்சை நன்றாக வரும். தோல் தடிப்பு, அதனால்தான் அந்தத் துவர்ப்பு. பிளாக்கரன்ட் என்ற சிறு கறுப்புப் பழத்தின் மணம், கூர்ந்து முகர்ந்தால் சீவிய பென்சில் வாசனைகூட.

வலக்கரையில் சேன்ட் எமிலியோன், பொமரோல் என்ற ஊர்கள். அங்கே களிமண் நிறைய. சீக்கிரம் பழுக்கும் மெர்லோ திராட்சைக்கு அது தோது. பிளம் பழச் சுவை, மென்மை. கூடவே கேபர்னே பிராங்க் என்ற திராட்சையும் சேரும்.

இப்படித் திராட்சை வகைகளைக் கலப்பது சுவைக்காக மட்டுமில்லை. பூக்கும் நேரத்து மழையில் மெர்லோ கெட்டாலும், பிறகு பூக்கும் கேபர்னே தப்பிக்கலாம். மால்பெக் என்ற திராட்சைதான் பாவம், 1956 உறைபனிக்குப் பிறகு போர்டோவில் வெகுவாகக் குறைந்துவிட்டது.

முதல்முறை குடிப்பவருக்கு வலக்கரையைத்தான் சொல்வேன். இடக்கரை வைன் இளசாக இருந்தால், கொழுப்புள்ள ஆட்டுக்கறியோடு குடியுங்கள், துவர்ப்பு அடங்கும்.