விருது கொடுத்தோம், இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். வெளியூரிலிருந்து சென்னை அரசு மருத்துவமனைகளுக்கு வரும் புற்றுநோயாளிகளுக்குத் துணைக்குப் போவது, ரத்தம் ஏற்பாடு செய்வது, படுக்கையில் இருப்பவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. சுமார் 60 தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். போன டிசம்பரில் முதன்முறையாக ஒருவருக்கு ‘சிறந்த தன்னார்வலர்’ விருது கொடுத்தோம். அதன் பிறகு நன்றாக உழைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். இந்த வருஷம் விருதே வேண்டாம் என்கிறார் பொருளாளர். என்ன செய்யலாம்? – வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: முதலில் அந்த இரண்டு பேரை நேரில் போய்ப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ‘மிஸ் யூ’ போடுவது போதாது. இந்த வருஷம் அவர்களுக்கே விருது கொடுத்துச் சமாதானம் செய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், மற்ற 58 பேருக்கும் தெரியும்.

விருதை நிறுத்த வேண்டாம். ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில், புதிதாக எழுத வந்தவர்களில் குலுக்கல் முறையில் சிலருக்குக் காசில்லாத பாராட்டு விருது கொடுத்துப் பார்த்தார் யானா காலஸ் என்ற ஆய்வாளர். விருது பெற்றவர்களில் அடுத்த மாதமும் தொடர்ந்து எழுதியவர்கள் சுமார் 20 சதவீதம் அதிகம். இத்தாலிய நகரம் ஒன்றில் ரத்ததானம் செய்பவர்களை ஆராய்ந்தபோது, பதக்கம் கிடைக்கும் எண்ணிக்கையை நெருங்கும்போது தானம் கூடியது தெரிந்தது. அதுவும் பெயர் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்து, ஊரறியப் பதக்கம் கொடுத்தால்தான். மனிதர்கள் பரிசுக்காக இல்லாவிட்டாலும், நாலு பேர் கவனித்தார்கள் என்பதற்காக இன்னும் கொஞ்சம் செய்வார்கள். சிக்கல் எங்கே என்றால், 60 பேரில் ஒருவரை மட்டும் கவனித்ததாக நீங்கள் மேடையில் அறிவித்ததில்.

எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான இடங்களில் வருகைப் பதிவேட்டைத்தான் புரட்டுவார்கள்: யார் அதிக மணி நேரம், யார் அதிக நோயாளிகள். மணிக்கணக்கு பார்த்தால் ஓய்வுபெற்றவரோ கல்லூரி மாணவரோதான் எப்போதும் ஜெயிப்பார். ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வருகிறவர், அந்த ஒரு நாளில் என்ன செய்தாலும் பின்னால்தான் நிற்பார்.

மருத்துவ சேவையில் எண்ணிக்கைக்குப் பரிசு வைப்பது ஆபத்தும்கூட. ரத்தம் கொடுத்த ஆண் அடுத்த முறை கொடுக்க 90 நாளும், பெண் 120 நாளும் பொறுக்க வேண்டும். ‘அதிக முறை ரத்தம் கொடுத்தவர்’ என்று ஷீல்டு வைத்தால், போன தடவை கொடுத்த தேதியை மாற்றிச் சொல்ல ஒருவருக்கு நீங்களே காரணம் கொடுக்கிறீர்கள். பரிசுக் கூப்பன், வெள்ளிக் காசு வகையறாவும் வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி 1 முதல் காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்கூடப் போக வேண்டாம். சான்றிதழும் ஒரு பேட்ஜும் போதும்.

சரி, வேறு எப்படி? வேலையின் வகைக்கு ஒரு விருதாகப் பிரியுங்கள். துணைக்குப் போகிறவர், வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறவர், புதிதாக வந்தவர், கண்ணில் படாத வேலை செய்கிறவர். இந்தக் கடைசி வகைதான் எனக்கு முக்கியம். ராத்திரி 11 மணிக்குப் பிளேட்லெட் வேண்டும் என்று போன் வந்தால் எடுக்கிறவர், வந்து குவிந்த மாத்திரை அட்டைகளில் காலாவதி தேதி பார்த்துப் பிரித்து வைக்கிறவர், ஆட்டோ ரசீதுகளைக் கணக்கில் ஏற்றுகிறவர். இவர்களுடைய போட்டோ எந்த ஆண்டறிக்கையிலும் வராது. ஒரு வகையில் இந்த வருஷம் யாரும் தேறவில்லை என்றால் காலியாக விடுங்கள், குற்றமில்லை.

பரிந்துரையைச் சக தன்னார்வலர்களிடம் கேளுங்கள். ‘யார் சிறந்தவர்?’ என்று கேட்டால் கட்சி பிரிந்துவிடும். ‘இந்த வருஷம் யார் என்ன செய்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள்? இரண்டு வரி எழுதுங்கள்’ என்று கேளுங்கள். வார்டு சிஸ்டர்களிடமும் வாய்மொழியாக விசாரிக்கலாம். தேர்வுக் குழு மூன்று பேர் போதும். அதில் ஒருவராவது வெளியாள், ஓய்வுபெற்ற செவிலியர் கிடைத்தால் நல்லது. டிரஸ்டிகளின் சொந்தக்காரர்களுக்கு விருது கிடையாது என்று முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். மச்சான் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

இனி, பாராட்டுரை. விருதில் பாதிக்கு மேல் அதுதான். ‘தன்னலமற்ற சேவையைப் பாராட்டி’ என்று அச்சடித்தால் யார் பெயரை வேண்டுமானாலும் அதில் ஒட்டலாம். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘காப்பீட்டு அட்டையில் பெயர் மாறியிருந்ததால் ஒரு அம்மாவின் சிகிச்சை நின்றுபோக இருந்தது. அந்த அம்மாவின் மாவட்டக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போன் மேல் போன் போட்டு, அட்டை திருந்தி வரும்வரை காப்பீட்டு கவுன்ட்டரை விட்டு நகராதவர்.’ கேட்கிறவர்களுக்குப் பொறாமை வராது. அடுத்த முறை தானும் அந்தக் கவுன்ட்டரில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள்.

ஆனால் நோயாளியின் பெயர், ஊர், படம் எதுவும் வேண்டாம். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதே ஆண்டு வந்த மனநல மருத்துவச் சட்டமும் சிகிச்சையில் இருப்பவர் பற்றிய தகவலையும் படத்தையும் அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது. சட்டம் இருக்கட்டும், நோயாளியை மேடையேற்றி அழவைக்கும் வழக்கமே எனக்குப் பிடிக்காது. உங்களிடம் மருந்து வாங்கிக்கொண்டிருப்பவர் உங்களிடம் எப்படி ‘மாட்டேன்’ என்பார்?

தேதியையும் மாற்றுங்கள். டிசம்பர் 5 சர்வதேசத் தன்னார்வலர் நாள்தான், 1985இல் ஐ.நா. அறிவித்தது. ஆனால் சென்னைக்கு அது பொருந்தாத நாள். 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் டிசம்பர் முதல் வாரத்தில்தான் வந்தன. அந்த நேரத்தில் உங்கள் ஆட்கள் பால் பாக்கெட் விநியோகத்தில் இருப்பார்கள். அது போனால் மார்கழிக் கச்சேரி, நல்ல அரங்கம் கிடைக்காது. பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள். அதையொட்டிய ஞாயிறு உங்களுக்குச் சரியாக வரும். ரத்தம் கொடுத்தவர்களுக்கு அக்டோபர் 1, தேசியத் தன்னார்வ ரத்ததான நாளன்று தனியாகச் செய்யுங்கள்.

செலவு பெரிதாக ஆகாது. பெரியமேடு ஸ்போர்ட்ஸ் கடைகளில் ஷீல்டு கிடைக்கும். இனிஷியல் சரிதானா என்று விருது வாங்குகிறவரிடமே கேட்டுவிட்டுப் பெயர் பொறிக்கக் கொடுங்கள். மருந்துக்காக வந்த நன்கொடையைத் தொடாதீர்கள். தனியார் மருத்துவமனையோ லேபோ ஸ்பான்சர் செய்ய வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். நாளைக்கு உங்கள் தன்னார்வலர் எந்த லேபைக் காட்டினாலும் சந்தேகம் வரும். சிறப்பு விருந்தினர் வர நேரமானாலும் சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். பாராட்டுரையை முழுதாகப் படித்த பிறகு பொன்னாடை.

விருது வேறு, சான்றிதழ் வேறு. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் காட்ட வேண்டும். அவர்களுக்கும், வருஷம் முழுக்க வந்த எல்லோருக்கும் சான்றிதழ் உண்டு, போட்டி இல்லை. மேடை வேண்டாம் என்கிறவர்களும் இருப்பார்கள், வீட்டில் சொல்லாமல் சேவைக்கு வருகிறவர்கள்கூட உண்டு. அதனால் பெயரை அறிவிக்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் பாராட்டுரையைக் கடிதமாக எழுதிக் கையில் கொடுங்கள்.